கருவில் பட்ட காயம்

திருவருகைக் காலத்தில், டிசம்பர் 19ஆம் நாள் திருப்பலியில், நீதித் தலைவர்கள் நூலிலிருந்து ஒரு பகுதி வாசிக்கப்படுகிறது. தாண் குலத்தவரான மனோவாகு என்பவருடைய மனைவி பிள்ளைப்பேறு இல்லாதவள். ஆண்டவரின் தூதர் அவளுக்குத் தோன்றி, அவள் ஒரு மகனைப் பெற்றெடுப்பாள் என்று அறிவிக்கிறார். அறிவிப்போடு ஒரு கட்டளையும் வருகிறது. திராட்சை இரசமோ வேறு எவ்வகை மதுவோ அவள் அருந்துதல் ஆகாது. அன்றே படிக்கப்படும் லூக்கா நற்செய்தியிலும் மது விலக்கு பேசப்படுகிறது. ஆனால் அங்கே அது பிறக்கவிருக்கும் திருமுழுக்கு யோவானுக்கு உரியது. சிம்சோனின் வரலாற்றிலோ விலக்கு முதலில் தாயின் மேல் விழுகிறது. ஆண்டுதோறும் இவ்விரு வாசகங்களையும் அடுத்தடுத்துக் கேட்டும், இந்த வேறுபாட்டை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம்.

மருத்துவ நூல்களை எழுதுவோர் சிலர் இப்பகுதியை ஆர்வத்தோடு எடுத்துக்காட்டி, கருவுற்ற தாய் மது அருந்தினால் குழந்தைக்குக் கேடு விளையும் என்பதைப் பண்டைய இஸ்ரயேலர் அறிந்திருந்தனர் என்பர். அவ்வளவு தூரம் செல்ல எனக்குத் துணிவில்லை. அது நாசீர் நோன்பின் விதி. தீட்டான எதையும் உண்ணலாகாது என்பதும் அதனோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. எனினும் ஒன்றை மறுக்க இயலாது. பிறவாத பிள்ளையின் வாழ்வு, அவனைச் சுமப்பவளின் உணவோடும் பானத்தோடும் பிணைக்கப்பட்டது என்னும் எண்ணம் அங்கே இருக்கிறது. அத்துணைப் பெரிய பொறுப்பை ஏற்ற அப்பெண்ணின் பெயரைத் திருநூல் குறிப்பிடவில்லை என்பதும் சிந்தனைக்கு உரியது.

அத்தகைய காவல் இன்றிப் பிறந்த பிள்ளைகளைப் பற்றியும், பெறாமலே அவர்களை வளர்க்க முன்வந்தவர்களைப் பற்றியும் இக்கட்டுரை பேச விழைகிறது. நம் ஆலயங்களில் புனித சூசையப்பரை வளர்ப்புத் தந்தை என்று வாழ்த்துகிறோம். அவருக்குக் கிடைத்த பிள்ளை மாசற்றவர். காயத்தோடு வந்த பிள்ளையை ஏற்றவர்களின் வரலாறு வேறு வகையானது.

இலண்டன் மாநகரை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘ஜின்’ என்னும் மலிவான சாராயம் ஆட்கொண்டது. தானியம் மலிந்திருந்தது, வடிப்பதற்கும் விற்பதற்கும் தடைகள் குறைவு. கைவினைஞரும் கூலியாட்களும், அவர்களுடைய மனைவியரும் குடித்தனர். 1726இல் இலண்டன் மருத்துவர் கல்லூரி நாடாளுமன்றத்திற்கு ஒரு விண்ணப்பம் அளித்தது. இச்சாராயம் நலிந்தும் நோயுற்றும் பிள்ளைகள் பிறப்பதற்குக் காரணமாகிறது என்று அதில் மருத்துவர்கள் முறையிட்டனர். கால் நூற்றாண்டுக்குப் பின், 1751இல், ஓவியர் வில்லியம் ஹோகார்த் ‘ஜின் சந்து’ என்னும் படத்தை வெளியிட்டார். படிக்கட்டில் ஒரு தாய் குடிமயக்கத்தில் அமர்ந்திருக்கிறாள். அவள் மடியிலிருந்து குழந்தை நழுவித் தலைகீழாக விழுகிறது. அதே ஆண்டில் சாராய விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் நிறைவேறியது. படம் இன்றளவும் புகழ்பெற்றது. தாயின் வெறிகொண்ட முகத்தை எல்லாரும் நினைவில் வைத்திருக்கின்றனர். விழுந்த குழந்தையை எடுத்தவர் யார் என்று கேட்டவர் குறைவு. எடுத்தவர்களும் இருந்தனர். தாமஸ் கோரம் என்னும் முதிய கப்பல் தலைவர் பல்லாண்டு போராடி அரச பட்டயம் பெற்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்தை 1741இல் அந்நகரில் திறந்தார். அங்கே ஏற்கப்பட்ட கைக்குழந்தைகள் நாட்டுப்புறத்துச் செவிலித் தாயரிடம் அனுப்பப்பட்டுச் சில ஆண்டுகள் அவர்களுடைய குடிசைகளிலேயே வளர்க்கப்பட்டனர். அச்செவிலியர் கண்டறிந்தவை எவை என்பதை எழுதிவைக்க எவரும் முற்படவில்லை.

ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழித்து லிவர்பூல் சிறைச்சாலையின் மருத்துவர் வில்லியம் சலிவன் ஒரு கணக்கு எடுத்தார். மிகைக்குடியில் மூழ்கிய 120 பெண்கள் பெற்ற 600 பிள்ளைகளில் 335 பேர் இறந்தே பிறந்தனர் அல்லது இரண்டு வயது நிறையுமுன் இறந்தனர். அப்பெண்களின் உறவினரே ஆகிய, ஆனால் குடிக்காத பெண்களின் பிள்ளைகளில் இறந்தோர் நான்கில் ஒரு பங்கு அளவே. 1899இல் வெளியான இவ்வறிக்கையில் இன்னொரு குறிப்பு என் மனத்தைத் தொட்டது. கருவுற்ற நிலையில் சிறைப்பட்டு, அதனால் மது கிட்டாமற்போன பெண்ணுக்கு நலமான பிள்ளை பிறந்ததையும் அவர் கண்டார். எனவே கேடு பரம்பரை இரத்தத்தில் இல்லை, கருக்காலத்தில் உட்செல்லும் மதுவில்தான் இருக்கிறது என்பதற்கான சான்று அவர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது.

அந்தச் சான்று பயன்படவில்லை. அக்காலத்தில் மனித இனத்தைத் ‘தூய்மைப்படுத்த’ எண்ணியோர் குடிகாரரின் பிள்ளைகளை இழிந்த குலத்தின் அடையாளமாகக் காட்டினர். அமெரிக்காவில் 1920இல் மதுவிலக்கு வந்து 1933இல் நீங்கியது. நீங்கிய பின் அறிஞர் உலகம் எதிர்த்திசையில் சாய்ந்தது. பழைய எச்சரிக்கைகள் யாவும் மதுவிலக்குப் பிரசாரகரின் மிகைக்கூற்று என்று ஒதுக்கப்பட்டன. 1942இல் ஹாகார்ட், ஜெல்லினெக் என்னும் இரு பெயர்பெற்ற ஆய்வாளர்கள், கருவுக்கு மது கேடு செய்கிறது என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்று எழுதினர். 1960களின் பிற்பகுதியில், குறைமாதப் பேற்றைத் தடுக்கவென்று மருத்துவமனைகளிலேயே கருவுற்ற பெண்களின் நரம்பு வழியாக மதுச்சாரம் ஏற்றப்பட்டது. அது அறியாமையால் நேர்ந்ததன்று. கற்றவர்களின் உறுதியான நம்பிக்கையால் நேர்ந்தது.

மறுபடியும் கண்டவர் ஒரு சிற்றூர்ப்புறக் குழந்தை மருத்துவரைப் போன்றவர்தாம். பிரான்சு நாட்டின் நாந்த் நகரத்து மருத்துவர் பால் லெமுவான், 69 குடும்பங்களைச் சேர்ந்த 127 பிள்ளைகளை ஆராய்ந்து, மிகைக்குடிக்கு ஆட்பட்ட தாய்மாரின் பிள்ளைகள் உருவத்திலும் இயல்பிலும் ஒருவரையொருவர் ஒத்திருப்பதை 1968இல் எழுதினார். பெற்றோரைக் காணாமலே, பிள்ளையைக் கண்டமட்டில் தாயின் குடிப்பழக்கத்தை ஊகிக்கலாம் எனும் அளவுக்கு ஒப்புமை இருந்தது. கட்டுரை ஒரு வட்டார மருத்துவ இதழில் பிரெஞ்சு மொழியில் வந்தமையால் உலகம் அதைக் கவனிக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1973இல், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் டேவிட் ஸ்மித், கென்னத் ஜோன்ஸ் ஆகியோரும் உடன் பணியாற்றியோரும் எட்டுக் குழந்தைகளிடம் அதே முகத்தைக் கண்டனர். கண் திறப்பு குறுகியது, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் மழுங்கியது, மேலுதடு மெல்லியது, தலை சிறியது. வெவ்வேறு இனத்துப் பிள்ளைகளாயினும் உடன்பிறந்தவர் போல் இருந்தனர். ‘ஃபீட்டல் ஆல்கஹால் சின்ட்ரோம்’ என்னும் பெயர் அவ்வாண்டில்தான் இடப்பட்டது. கருக்கால மதுப்பாதிப்பு என்று அதை இங்கே குறிப்போம். மது நஞ்சுக்கொடியை எளிதில் கடந்து செல்கிறது. தாயின் இரத்தத்தில் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே பிள்ளையின் இரத்தத்திலும் கலக்கிறது. முகம் உருவாவது கருக்காலத்தின் தொடக்க வாரங்களில். மூளை உருவாவதோ மாதங்கள் ஒன்பதிலும். ஆகவே முகத்தில் ஒரு குறியும் இல்லாமல் மூளை மட்டும் காயப்பட்ட பிள்ளைகளே மிகுதி. இந்தச் சிறு குறிப்பு பின்னர் எத்தனை வீடுகளில் கண்ணீருக்குக் காரணமாயிற்று என்பதைக் காண்போம்.

லெமுவானின் கட்டுரை வெளிவந்த அதே 1968இல், அமெரிக்கப் பூர்வகுடியினரான லக்கோட்டா மக்களிடையே ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தாய் மிகைக்குடிக்கு ஆட்பட்டவள். பின்னர் அந்தக் குடியாலேயே இறந்தாள். குழந்தை அரசின் பொறுப்பில் இருந்தது. 1971இல், அவனுக்கு மூன்று வயதாகும்போது, மைக்கேல் டோரிஸ் என்னும் இளைஞர் அவனைத் தத்தெடுத்தார். டோரிஸ் இயேசு சபையினரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர், மானிடவியல் ஆய்வாளர், மணமாகாதவர். மணமாகாத ஆண் ஒருவர் குழந்தையைத் தத்தெடுப்பது அந்நாட்டில் அந்நாளில் மிக அரிதான செயல். குழந்தை வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாதவன், அறிவு வளர்ச்சி குன்றியவன் என்பதை அலுவலர்கள் மறைக்கவில்லை. தந்தைதான் அதை நம்ப மறுத்தார். வறுமையும் புறக்கணிப்புமே அவனைப் பின்னடையச் செய்தன. நல்ல உணவும் அன்பும் கல்வியும் கிடைத்தால் யாவும் நேராகிவிடும் என்பது அவர் உறுதி. 1972இல் டார்ட்மத் கல்லூரியில் பூர்வகுடியினர் பற்றிய கல்வித் துறையை நிறுவிய அவர், பூர்வகுடிப் பிள்ளையைப் பற்றிய எந்தத் தாழ்ந்த மதிப்பீட்டையும் முன்முடிவு என்றே கருதினார். அப்படி அவர் கருதியதற்கு வரலாற்றில் போதிய காரணமும் இருந்தது. பூர்வகுடிக் குழந்தைகள் பெருந்தொகையாகக் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டதைத் தடுக்க 1978இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

எனவே அவர் உழைத்தார். கற்பித்ததையே மீண்டும் மீண்டும் கற்பித்தார். மகனுக்கு வலிப்பு வந்தபோது மருத்துவமனைகளுக்கு ஓடினார். மகன் படித்த பள்ளிகளில் ஆசிரியர்கள் ஒவ்வோர் ஆண்டும் நம்பிக்கையோடு தொடங்கிச் சோர்வோடு முடித்தனர். இன்று கற்றுக்கொண்டதை நாளை அவன் இழந்தான். காசின் மதிப்பும் காலத்தின் ஓட்டமும் அவன் பிடிக்குள் வரவில்லை. ஒரு செயலுக்கு ஒரு விளைவு உண்டு என்பதை ஒருமுறை சுட்டால் எல்லாப் பிள்ளைகளும் அறிகின்றனர். அவனுக்குச் சூடு மட்டுமே தெரிந்தது, சுட்டதன் காரணம் மறுநாளுக்கு எட்டவில்லை. பொய்யும் பிடிவாதமும் சோம்பலுமாகப் பிறர் கண்ணுக்குத் தோன்றியவை பலவும் இதன் விளைவுகளே. தந்தைக்கோ, தான் இன்னும் போதிய அளவு முயலவில்லை என்னும் குற்ற உணர்வு. 1981இல் அவர் எழுத்தாளர் லூயிஸ் எர்ட்ரிக்கை மணந்தார். இடையில் மேலும் இரு பூர்வகுடிக் குழந்தைகளையும் தத்தெடுத்திருந்தார்.

1980களின் தொடக்கத்தில், தெற்கு டக்கோட்டாவின் பைன் ரிட்ஜ் பகுதியில் குடிநோய்க்கான மறுவாழ்வு இல்லம் ஒன்றுக்கு அவர் சென்றார். அங்கிருந்த சிறுவர் சிலர் அவருடைய மகனைப் போலவே இருந்தனர். முகம் மட்டுமன்று, அசைவும் நடையுமே அவனுடையவை. அவர்களுக்கு வந்திருப்பது இன்னது என்று இல்லத்தார் கூறியபோதுதான் மகனின் நோய்க்கு ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரிந்தது. 1973 முதலே மருத்துவ இதழ்களில் அச்சாகிக் கிடந்த பெயர், கற்றறிந்த ஒரு பேராசிரியரின் வீட்டு வாசலை அடைய அத்தனை ஆண்டுகள் பிடித்தன. கல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு அது எப்போது எட்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அறிந்தவற்றையெல்லாம் திரட்டி டோரிஸ் எழுதிய ‘த ப்ரோக்கன் கார்ட்’ என்னும் நூல் 1989இல் வெளிவந்தது. கருக்கால மதுப்பாதிப்பை மருத்துவர் அல்லாதோர் பரவலாக அறிந்தது அந்நூலால்தான். அமெரிக்க நூல் திறனாய்வாளர் வட்டத்தின் பரிசும் அதற்குக் கிட்டியது. அந்நாட்டு மதுப் புட்டிகளில் கருவுற்ற பெண்களுக்கான எச்சரிக்கை அச்சிடப்படத் தொடங்கியதும் அவ்வாண்டு நவம்பரில்தான். சட்டம் முந்திய ஆண்டே நிறைவேறியிருந்தது. நூலில் மகனுக்கு ஆதாம் என்று பெயர். உண்மைப் பெயர் ஏபெல், அதாவது நம் ஆபேல். இறுதிப் பகுதியைத் தந்தை எழுதவில்லை. தன் வாழ்வைப் பற்றி ஏபெல் தானே எழுதித் தந்தது அங்கே இடம்பெற்றிருக்கிறது. ஆய்வும் கோபமும் நிறைந்த பக்கங்களைக் கடந்து அந்த எளிய வாக்கியங்களுக்கு வந்து சேரும்போது, அதுவரை யாரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோமோ அவனை முதன்முறையாகச் சந்திப்பது போன்ற உணர்வு எழுகிறது.

நூலில் கோபம் உண்டு என்றேன். குடிப்பதை நிறுத்த மறுக்கும் கருவுற்ற பெண்களைக் காவலில் வைப்பதே பிள்ளையைக் காக்கும் வழி என்னும் திசையில் டோரிஸின் வாதம் செல்கிறது. வளர்ப்பவர்களுக்கு அக்கோபம் வருவது இயற்கை. அன்றாடம் அவர்கள் கண்முன் நிற்பது பிள்ளையின் துன்பம். ஆயினும் பெண்ணுரிமை பேசியோரும் பூர்வகுடி எழுத்தாளர் சிலரும் இதைக் கடுமையாக மறுத்தனர். பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்கினால், மறுத்தவர்கள் பக்கம் நியாயம் மிகுந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே 1989இல், அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றில், கருவுற்ற ஏழைப் பெண்களின் சிறுநீரை அவர்கள் அறியாமலே கொக்கெயின் சோதனைக்கு உட்படுத்தி முடிவைக் காவல்துறைக்கு அளிக்கும் முறை தொடங்கிற்று. கைதானோர் ஏறத்தாழ அனைவரும் கறுப்பினப் பெண்கள். 2001இல் உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டுகளில் ‘கிராக் குழந்தைகள்’ என்ற சொல் செய்தித்தாள்களில் நிறைந்திருந்தது. கொக்கெயினுக்கு ஆட்பட்ட தாயரின் பிள்ளைகள் ஒரு தலைமுறையாகப் பாழாகிவிட்டனர் என்று எழுதினர். பிலடெல்பியாவில் மருத்துவர் ஹாலம் ஹர்ட் 224 குழந்தைகளை 1989 முதல் இரு பதிற்றாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார். கருவில் கொக்கெயின் பாதிப்புக்கு உள்ளானோருக்கும் உள்ளாகாதோருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டை அவர் காணவில்லை. இரு சாராரையும் பின்னடையச் செய்தது வறுமை. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 1996இல் வெளியிட்ட அறிக்கையோ, போதைப் பொருள்கள் அனைத்திலும் கருவிலிருக்கும் மூளைக்கு மிகக் கொடியது மதுவே என்றது. கடையில் சட்டப்படி விற்கப்படுவது, விருந்துகளில் மரியாதையோடு ஊற்றப்படுவது, அதுவே.

கனடாவிலும் இத்தகைய வழக்கு ஒன்று எழுந்தது. வின்னிபெக் நகரில் பசையை முகர்ந்து போதையுறும் பழக்கமுள்ள ஓர் இளம்பெண் கருவுற்றிருந்தாள். அவளைக் கட்டாயக் காவலில் வைக்கக் குழந்தை நல அமைப்பு நீதிமன்றம் சென்றது. 1997இல் கனடா உச்ச நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்றது. வழக்கின் விவரங்களைப் படிப்போருக்கு ஒன்று புலப்படும். அப்பெண் முன்னதாகத் தானே சிகிச்சையை நாடியிருந்தாள். இடமில்லை என்று காத்திருக்க வைக்கப்பட்டாள்.

தாயை மட்டும் குற்றக் கூண்டில் நிறுத்துவோர் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாநிலத்தையும் நினைக்க வேண்டும். அங்கே திராட்சைத் தோட்டங்களில் உழைத்தோருக்குக் கூலியின் ஒரு பகுதி மதுவாகவே அளக்கப்பட்டது. ‘டாப்’ என்று பெயர்பெற்ற அந்த வழக்கம் அடிமை முறைக் காலத்தில் வேரூன்றி, சட்டம் தடுத்த பின்னும் நீடித்தது. 1990களின் இறுதியில் வெல்லிங்டன் ஊரில் முதல் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, ஆயிரத்துக்கு 40க்கும் மேற்பட்டோரிடம் முழுமையான கருக்கால மதுப்பாதிப்பு காணப்பட்டது. உலகில் அதுவரை எங்கும் பதிவாகாத அளவு அது. தலைமுறை தலைமுறையாக மதுவை அளந்து ஊற்றிய கையை எந்த நீதிமன்றமும் விசாரித்ததில்லை.

வளர்க்கும் வீட்டுக்குத் திரும்புவோம். பாதிப்புற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் பெற்ற தாயிடம் வளர்வதில்லை. உறவினரிடமோ அரசு ஏற்பாடு செய்த வளர்ப்புக் குடும்பங்களிலோ தத்தெடுத்தோரிடமோ வளர்கின்றனர். சோவியத் ஒன்றியம் சிதறிய பின் கிழக்கு ஐரோப்பிய அநாதை இல்லங்களிலிருந்து மேற்கு நாடுகளுக்குத் தத்தெடுத்துச் செல்லப்பட்டோர் பலர். அவ்வாறு சுவீடனில் வளர்ந்த 71 பிள்ளைகளைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வு, அவர்களில் பாதிப் பேருக்கு மதுவின் பாதிப்பு ஏதேனும் ஒரு வடிவில் இருந்ததாகக் கூறுகிறது. தத்தெடுத்தோர் பலரும் இதை அறியாமலே குழந்தையை வீட்டுக்கு அழைத்துச் சென்றவர்கள்.

சியாட்டில் குழுவில் 1973 முதலே பணியாற்றிய உளவியலறிஞர் ஆன் ஸ்ட்ரைஸ்குத், இப்பிள்ளைகள் வளர்ந்த பின் என்ன ஆனார்கள் என்று கேட்டுத் தேடிச் சென்றார். 1996இல் அவர் 415 பேரைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டார். பத்தில் ஒன்பது பேருக்கு மனநலத் துன்பம். பன்னிரண்டு வயதைக் கடந்தோரில் பத்தில் ஆறு பேருக்குப் பள்ளிப்படிப்பு இடையில் முறிந்திருந்தது. அதே அளவினர் சட்டத்தின் பிடியிலும் சிக்கியிருந்தனர். படிக்கவே நெஞ்சு கனக்கும் எண்கள். ஆயின் அவர் அங்கே நின்றுவிடவில்லை. தப்பியவர்கள் எதனால் தப்பினர் என்றும் கேட்டார். ஆறு வயதுக்குள் பாதிப்பு இன்னதென்று அறியப்பட்டிருந்தது, வாழ்நாளின் பெரும்பகுதியை நிலையான, அன்பான ஒரே வீட்டில் கழித்திருந்தனர், வன்முறைக்கு ஆளாகவில்லை. இவையே அவர்களைக் காத்தவற்றுள் தலையாயவை. வீடு காயத்தை ஆற்றவில்லை, ஆற்றவும் இயலாது. காயத்தின் மேல் மேலும் அடிகள் விழாமல் அது தடுத்தது.

இன்னொரு முடிவு வியப்பானது. முகக்குறிகள் முழுமையாக இருந்தவர்களை விட, குறி இல்லாதவர்களும் அறிவுத்திறன் அளவெண் ஓரளவு மிகுந்தவர்களுமே கூடுதலாக இடர்ப்பட்டனர். காரணம் எளிது. பார்வைக்கு நலமாகத் தோன்றும் பிள்ளைக்கு எவரும் சலுகை தருவதில்லை. அரசு உதவி பெறும் எல்லைக்கு மேலே அவன் அளவெண் நிற்கிறது. ‘உனக்குத் தெரியும், வேண்டுமென்றே செய்கிறாய்’ என்று பள்ளியும் வீடும் காவல் நிலையமும் ஒரே குரலில் கூறுகின்றன. செய்ய இயலாததைச் செய்ய மறுத்ததாகக் கொள்வதே இப்பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் பெரும் அநீதி. முன்னே சொன்ன கண்ணீருக்குக் காரணம் இதுவே.

வளர்த்தோர் மெல்ல மெல்லக் கண்டறிந்த வழிகள் எந்தப் பாடநூலிலிருந்தும் வந்தவையல்ல. ஒரு நேரத்தில் ஒரு சொல், ஒரு கட்டளை. விழிப்பது, குளிப்பது, உண்பது, உறங்குவது யாவும் நாள் தவறாமல் ஒரே வரிசையில். மறந்ததைத் தண்டிப்பதற்கு மாறாக, மறக்காதபடி சுவரில் ஒரு படம். அந்நியர் எவரையும் நம்பும் பிள்ளையைத் தனியே கடைக்கு அனுப்பாமை. ‘கொஞ்சம் பொறு’ என்றால் அவனுக்குப் பொருள் விளங்காது. ‘மணி அடிக்கும் வரை இந்த நாற்காலியில் இரு’ என்றால் விளங்கும். மருத்துவர்கள் பிற்காலத்தில் இதற்கு ‘வெளிமூளை’ என்று பெயரிட்டனர். பிள்ளையின் மூளை செய்யவியலாத பணியை அருகிலிருக்கும் ஒருவர் செய்வது என்பது பொருள். கண்ணற்றவனை விழித்துப் பார் என்று எவரும் அதட்டுவதில்லை, கையைப் பிடிக்கின்றனர். ஆனால் கையைப் பிடிப்பவர் இருபது, முப்பது ஆண்டுகள் பிடித்தபடி நிற்க வேண்டும் என்பதை ஏட்டில் எழுதுவது எளிது.

அத்தகைய பெற்றோர் தங்களுக்குள் தொடர்பு கொண்டதும் வரலாற்றில் ஒரு திருப்பமே. கனடாவின் டொரான்டோவில் பானி பக்ஸ்டன், அவர் கணவர் பிரையன் ஃபில்காக்ஸ், அமெரிக்காவின் அரிசோனாவில் டெரசா கெல்லர்மன் ஆகிய மூவரும் தத்தெடுத்து வளர்த்தவர்கள். கருக்காலத்தின் ஒன்பது மாதங்களை நினைவூட்ட, 1999ஆம் ஆண்டின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் காலை 9 மணி 9 நிமிடத்திற்கு மணிகளை ஒலிக்கச் செய்ய அவர்கள் ஏற்பாடு செய்தனர். முதலில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மணி ஒலித்தது. பின்னர் ஒவ்வொரு நாட்டிலும் அந்நாழிகை வந்தபோது அங்கங்கே ஒலித்தது. ஆண்டுதோறும் அந்நாள் இன்றும் அனுசரிக்கப்படுகிறது.

ஏபெல் அந்நாளைக் காணவில்லை. 1991இல், 23ஆம் வயதில், வாகனம் மோதி இறந்தான். மைக்கேல் டோரிஸின் முடிவும் துயரமானது. மணவாழ்வு முறிந்தது, தம் குழந்தைகளிடம் முறைகேடாக நடந்தார் என்ற குற்றச்சாட்டின்மேல் விசாரணை நடந்துகொண்டிருந்த வேளையில், 1997 ஏப்ரலில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் முடிவு காணாமலே நின்றுபோயிற்று. இந்நூலை இன்று படிப்போர் அதையும் அறிந்தே படிக்க வேண்டியிருக்கிறது. அவர் எழுதியதால் எண்ணற்ற பிள்ளைகளின் காயத்திற்குப் பெயர் கிடைத்தது என்பதும் உண்மை. எழுதியவரின் வீட்டுக்குள் என்ன நிகழ்ந்தது என்னும் கேள்வி விடையின்றி நிற்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க எனக்கு மனமில்லை.

நாந்த் நகரத்து லெமுவான், தாம் முன்பு ஆராய்ந்த பிள்ளைகள் வளர்ந்தபின் என்ன ஆயினர் என்று முதுமையில் தேடிச் சென்றார். 105 பேரைக் கண்டுபிடித்து 1992இல் எழுதினார். குழந்தைப் பருவத்து முகக்குறிகள் பலருக்கு மாறிவிட்டிருந்தன. மனத்தின் இடர்ப்பாடுகள் மாறவில்லை. 1973இல் சியாட்டிலில் பெயர் பெற்ற தலைமுறைக் குழந்தைகள் இன்று ஐம்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களை வளர்த்தோரில் உயிரோடிருப்பவர்களுக்கு எண்பதைத் தொட்ட வயது. தாங்கள் மறைந்த பின் காலையில் அந்த மகனை எழுப்பி, மாத்திரையை எடுத்துக் கொடுத்து, கையிலிருக்கும் காசை எண்ணிப் பார்ப்பவர் யார் என்று அவர்கள் கேட்கின்றனர்.